கரன்ட் போனால் கூடவே என்னென்ன போகும்? நகரங்களின் மீள்திறன் பற்றி

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. விடியும் நேரத்தில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர் என்று பிறகுதான் படித்தோம். அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம். ஓடு பறக்கும் சத்தம், தகரம் சுவரில் மோதும் சத்தம், கொல்லையில் முருங்கை படீரென்று முறியும் சத்தம். காற்று அடங்கிய பிறகு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு வந்து பார்த்தால், மின்கம்பங்கள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. கம்பிகள் வாசல்தோறும் சுருண்டு கிடந்தன.

சரி, கரன்ட்தானே, ரெண்டு நாள் சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம். மறுநாள் மாலை மாடித் தொட்டி காலி. மோட்டார் ஓடினால்தானே தண்ணீர் ஏறும்? தெருக்குழாயும் அப்படித்தான், அதற்கும் எங்கோ ஒரு மோட்டார் ஓட வேண்டும். அப்புறம் செல்போனில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜ் வைத்திருந்தவர்களுக்கும் சிக்னல் போனது, டவருக்குக் கரன்ட் இல்லை. ஏ.டி.எம். ஓடவில்லை. பெட்ரோல் பங்கின் அடித்தொட்டியில் பெட்ரோல் இருந்தது, மேலே இழுக்க வழியில்லை. குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு சிலர் தெருத்தெருவாக வந்தார்கள். வாடகை கொடுத்தால் நம் மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பித் தருவார்கள். கொடுக்க முடிந்தவர்கள் நிரப்பிக்கொண்டார்கள்.

மற்றவர்களுக்குத் தெருக்கோடி ஆயா வீட்டு அடிபம்பு இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான், பைக் நிறுத்த இடம் வேண்டும், அந்தத் துருப்பிடித்த பம்பைப் பிடுங்கிவிடலாம் என்று அவர் மகன் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயா விடவில்லை. இப்போது விடிகாலை நாலு மணிக்கே அங்கே குடங்கள் வரிசை கட்டின. திண்ணையில் உட்கார்ந்து ஆயாதான் வரிசையைப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு கொடம் போதும்மா, அடுத்தவங்களுக்கு வுடு. கைக்கொழந்த வெச்சிருக்கிறவ முன்னால வா." பொங்கல் நெருங்கி எங்கள் தெருவுக்கு மறுபடி கரன்ட் வரும் வரை அந்தப் பம்புதான் எங்கள் குடிநீர் வாரியம்.

நகரங்களின் மீள்திறன் என்ற சொல்லைப் பல வருடம் கழித்து ஒரு கூட்டத்தில் கேட்டபோது எனக்கு முதலில் அந்த அடிபம்புதான் ஞாபகம் வந்தது. இந்தச் சொல் இப்போது அரசுத் திட்டங்களிலும் செய்திகளிலும் அடிக்கடி வருகிறது. கேட்க ஏதோ பெரிய விஷயம் போலத் தோன்றும். உண்மையில் நம் ஊர்க்காரர்களுக்கு அனுபவத்தில் ஏற்கெனவே தெரிந்ததுதான், பெயர்தான் புதிது.

மீள்திறன் என்றால் என்ன?

அடி விழும்போது ஓர் ஊரில் எவ்வளவு குறைவாகச் சேதமாகிறது, சேதமானது எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வருகிறது, அடுத்த அடிக்கு முன்னால் ஊர் எதைக் கற்றுக்கொண்டு மாற்றிக்கொள்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மீள்திறன். அடி என்பது புயலாக இருக்கலாம், வெள்ளமாக இருக்கலாம், பத்து நாள் தொடர்ந்து கொளுத்தும் வெயிலாகவோ கோடையின் மின் பற்றாக்குறையாகவோ இருக்கலாம்.

இரண்டாவதாகச் சொன்ன 'சீக்கிரம்' ரொம்ப முக்கியம். தானே புயலில் கம்பமும் சாய்ந்தது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. கம்பத்தைச் சில வாரங்களில் நட்டுவிட்டார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து, பள்ளிக்கூடங்களில் படுத்து எழுந்து வேலை செய்தார்கள். அவர்களை நன்றியோடு நினைக்காமல் இதை என்னால் எழுத முடியாது. ஆனால் முந்திரிக்கு அப்படி ஆள் அனுப்ப முடியுமா? ஒட்டுக்கன்று நட்டாலும் நல்ல காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும். பலாவுக்கு இன்னும் கூடுதல் காலம். ஒரே காற்றுதான் அடித்தது. தெருவிளக்கு ஒரு மாதத்தில் எரிந்தது, முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்த குடும்பத்துக்குப் பல வருடம் ஆனது. ஒரு ஊர் மீண்டுவிட்டது என்று சொல்லும்போது, அதில் யார் மீண்டார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நூல் எங்கே கோத்திருக்கிறது?

புதிதாகப் படிப்பவர்கள் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஊரில் எதுவும் தனியாக நிற்பதில்லை. தண்ணீர் கரன்டில் தொங்குகிறது. செல்போன் கரன்டில் தொங்குகிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது செல்போனில் தொங்குகிறது. கழிவுநீரை இறைப்பதற்கும் கரன்ட்தான். அதனால் ஒன்று அறுந்தால் பின்னாலேயே பத்து அறுந்து விழும். நிபுணர்கள் இதைத் தொடர் பாதிப்பு என்பார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தை 2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியது. பணக்கார ஊர், பெரிய ஆஸ்பத்திரிகள், எல்லாவற்றிலும் ஜெனரேட்டர் உண்டு. அப்படியும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கடல் நீர் அடித்தளத்தில் புகுந்து மாற்று மின்சாரமும் நின்றுபோனது. சுமார் 300 நோயாளிகளை, பிறந்த குழந்தைகள் உட்பட, இருட்டில் படிக்கட்டு வழியாக இறக்கி வேறு ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றினார்கள்.

இதைப் படித்தபோது வேறு நாட்டுக் கதை என்று நினைத்தேன். 2024 டிசம்பரில் கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடிப் பக்கம் என் அத்தை வீட்டில் அதையே கண்ணால் பார்த்தேன். புயல் காலத்துக்கு என்றே அவர்கள் இன்வெர்ட்டர் வாங்கியிருந்தார்கள். புதுப் பேட்டரி. அதைக் கூடத்து மூலையில் தரையில் வைத்திருந்தார்கள். தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் வந்ததும் முதலில் முங்கியது அதுதான். தண்ணீர் வடிந்த பிறகு அத்தை அந்தப் பேட்டரியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சேறு ஒயர் முனைகளில் அப்பியிருந்தது. "ஒரு ஸ்டூல் மேல வெச்சிருந்தா போதும்டா," என்றார். ஒரு ஸ்டூல் உயரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த அடிக்காக அதை வைத்திருக்கிறோமோ, அதே அடியில் அதுவும் விழுமா என்று கேட்க வேண்டும். உங்கள் பகுதியின் குடிநீர் மோட்டார் அறை எந்த உயரத்தில் இருக்கிறது? 2015 வெள்ளத்தில் அல்லது 2024 வெள்ளத்தில் அங்கே தண்ணீர் எது வரை நின்றது? ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜெனரேட்டர் தரையிலா, மேடையிலா? வார்டு கூட்டத்தில் கேட்கத் தகுந்த கேள்விகள் இவை.

தானே புயலுக்குப் பிறகு கடலூரில் செய்த ஒரு பெரிய மாற்றம், உலக வங்கிக் கடனுதவியோடு வந்த கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் நகரத்தின் மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் கேபிளாகக் கொண்டுசெல்ல எடுத்த வேலை. நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் இதே திட்டத்தில் இடம் கிடைத்தது. மண்ணுக்குள் இருக்கும் கேபிளைக் காற்று ஒன்றும் செய்யாது. ஆனால் செலவு பல மடங்கு, பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதும் கடினம். வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கத் தெரு ஓரத்தில் நிற்கும் பில்லர் பெட்டிகள் தாழ்வாக இருந்தால் வெள்ளம் அங்கே கைவைத்துவிடும். காற்றுக்கு ஒரு மருந்து, தண்ணீருக்கு வேறு மருந்து. நம் ஊருக்கு இரண்டும் வருகிறது.

தண்ணீரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. எண்ணாகச் சொன்னால் மனதில் ஏறாது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 48 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடி மீது மட்டும் ஏறக்குறைய 44,000 லிட்டர் விழும். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி 44. ஒரு வீட்டுக்கு. ஒரு நாளில். இனி உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிக்கொண்டு, வாசலில் ஓடும் சாக்கடையின் அகலத்தைப் பாருங்கள்.

மழை ஓய்ந்தது என்று மூச்சு விட்டபோது அடுத்தது வந்தது. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் கொட்டிய மழை சாத்தனூர் அணைக்கு வர, டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஒன்றரை லட்சம் கன அடி என்றால் ஒரு வினாடிக்கு 42 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் ஒவ்வொரு வினாடியும் 420 வந்து கவிழ்வது போல. தென்பெண்ணை கடலில் கலக்கும் இடம் கடலூர். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்த ஆறு, வழியில் வாங்கியதையெல்லாம் நம் வாசலில்தான் இறக்கி வைக்கும். தெற்கே கெடிலம், பரவனாறு, வெள்ளாறு. கடலூர் வடிகால் மாவட்டம் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோதும் இதே கதை.

ஆக, கடலூர் நகரத்தைக் கடலூருக்குள் மட்டும் நின்று காப்பாற்ற முடியாது. ஆற்றின் மேல்முனையில் அணையை எப்போது, எவ்வளவு திறப்பது, முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி இடம் வைப்பதா என்ற முடிவுகளும், அந்தத் தகவல் கடலூர் பக்கத்து நாணமேட்டிலும் உச்சிமேட்டிலும் இருக்கும் ஒருவர் காதுக்கு எந்த மொழியில் போய்ச் சேருகிறது என்பதும் இதில் சேர்த்தி. 'இத்தனை கன அடி திறப்பு' என்று செய்தி வருகிறது. அந்த எண்ணை வைத்து ஓர் அம்மா என்ன செய்வார்? 'நாளைக் காலை பத்து மணிக்குள் உங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வரலாம், இன்று இரவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்' என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார். எச்சரிக்கை என்பது பாதிப்பைச் சொல்ல வேண்டும். வானிலைத் துறைகளும் இப்போது அந்தத் திசையில்தான் போகின்றன.

எச்சரிக்கையால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் ஒடிசாவைப் பார்க்கலாம். 1999 பெரும் புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் ஃபைலின் புயல் அதே கடற்கரையைத் தாக்கியபோது இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. புயல் பலவீனமானதில்லை. நடுவில் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டினார்கள், ஊர்தோறும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், லட்சக்கணக்கான பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள்.

ஏரி என்கிற பஞ்சு

அவ்வளவு தண்ணீரைச் சாக்கடை தாங்காது என்றால் எங்கே விடுவது? இன்று உலக நகரங்கள் சொல்லும் பதில், ஊரைப் பஞ்சு போல ஆக்கு என்பது. சீனா பத்து வருடத்துக்கு மேலாகப் பஞ்சு நகரம் என்ற பெயரிலேயே திட்டம் நடத்துகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013-இல் திறந்த ஒரு சதுக்கம் வெயில் நாளில் கூடைப்பந்து மைதானம், பெருமழையில் அதுவே குளம். மழை நின்ற பிறகு தண்ணீர் மெதுவாக வடிந்துவிடும்.

நமக்கு இதில் புதிதாக என்ன? ஏரியும் தாங்கலும் குளமும் வாய்க்காலும் இதற்குத்தானே வெட்டினார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி இன்றும் வயலுக்குப் பாய்ந்து, சென்னைக்குக் குழாய் வழியே குடிநீரும் தருகிறது. ஓர் ஏரி மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது, கோடையில் கிணறுகளுக்குக் கொடுக்கிறது, கடலோரத்தில் உப்புநீர் நிலத்தடியில் உள்ளே ஏறாமல் எதிர்த்தும் நிற்கிறது. இந்த மூன்று வேலைக்கும் ஒரு யூனிட் மின்சாரம் தேவையில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஆயி கதை தெரிந்திருக்கும். கிருஷ்ணதேவராயர் வழியில் ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டார், அது தாசி ஒருத்தியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார், ஆயி தானே அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது செவிவழிக் கதை. பிரெஞ்சு ஆட்சியில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தபோது அந்த நினைவாகத்தான் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தை எழுப்பினார்கள் என்பார்கள். அதே மண்டபத்தைத் தன் சின்னமாக வைத்திருக்கிறது அந்த ஊர். ஊசுடு ஏரிக்கும் பாகூர் ஏரிக்கும் வரும் வாய்க்கால்கள் அடைபடாமல் இருந்தால்தான் அந்தச் சின்னத்துக்கு மரியாதை. ஏரியை ஆழப்படுத்தினால் மட்டும் போதாது. வரத்து வாய்க்கால் மேல் ஒரு மனைப்பிரிவு வந்தால், ஏரி மேடாகாமலேயே செத்துவிடும். தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு அந்த வீடுகளுக்குள் வரும்.

கடல் பக்கத்துப் பஞ்சு, பிச்சாவரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்புநிலக் காடு, சுரபுன்னையும் கண்டலும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர்க் கடற்கரையில் உள்ள தேவனாம்பட்டினம் பட்ட பாட்டை மறக்க முடியாது. அந்தக் காட்டின் மறைவில் இருந்த சில ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தக் காட்டில் ஒரு பகுதி முன்பு அழிந்து போயிருந்தது. மரம் வெட்டிய இடத்தில் நிலம் தட்டுப் போலக் குழிந்து, வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பு ஏறி ஒன்றும் முளைக்காமல் கிடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் முள் போலச் சிறு வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே போகும், இறங்கும்போது உப்பை அலசிக்கொண்டு வெளியே வரும். அந்த வாய்க்கால் கரையில் நட்ட கன்றுகள் இன்று காடு. எனக்கு இதில் பிடித்தது, முதலில் நீரோட்டத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு மரம் நட்டார்கள் என்பதுதான். படம் எடுப்பதற்காக மண்ணைப் பார்க்காமல் நடும் கன்றுகள் எத்தனையோ காய்ந்து போவதைப் பார்த்திருக்கிறோம்.

ஒருவருக்குக் காவல், இன்னொருவருக்கு அடி

எண்பதுகளில் புதுச்சேரியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் போட்டார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். அந்தக் கற்கள் மணலை மறித்ததும் வடக்கே நகரத்தின் கடற்கரை மெல்ல மெல்லக் காணாமல் போனது. என் வயதுக்காரர்கள் பலருக்குப் புதுச்சேரிக் கடற்கரை என்றால் கருங்கல் குவியல்தான். கல் கொட்டிய இடம் தப்பியது, அரிப்பு அதற்கும் வடக்கே உள்ள மீனவர் குப்பங்களுக்குப் போனது. அங்கே கட்டுமரம் இழுத்து வைக்க மணல் இல்லை, வலை உலர்த்த இடம் இல்லை. அங்கேயும் கல் கேட்டார்கள், கல் கொட்டினால் அடுத்த குப்பத்துக்கு அரிப்பு. பிற்பாடு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை மூழ்கடித்து வைத்த பிறகு நகரத்தின் முன்னால் மணல் மறுபடி சேர்ந்தது. குழந்தைகள் இப்போது அங்கே ஈர மணலில் விளையாடுகிறார்கள். எந்தத் தடுப்புச் சுவருக்கும் திட்டம் போடும்போது, அதன் வடக்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் கிடையாது.

வெயிலும் கரன்டும்

புயலைப் படம் பிடிக்கலாம், வெயிலைப் படம் பிடிக்க முடியாது. அதனால் அது எத்தனை பேரைக் கொல்கிறது என்பதும் கண்ணில் படுவதில்லை. 2010-இல் அகமதாபாத்தில் கடும் வெப்ப அலையில் பலர் இறந்த பிறகு, 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முன்கூட்டியே எச்சரிக்கை, ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சி, கூலித் தொழிலாளர்களுக்குத் தண்ணீரும் நிழலும், குடிசைக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. பெரிய செலவு எதுவும் இல்லை.

நம் கடலோரத்தில் சிக்கல் இன்னொரு மாதிரி. தெர்மாமீட்டர் வேலூர் அளவுக்கு ஏறாது, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், ஈரக்காற்றில் அது உலர்வதில்லை. கத்திரியில் கடல்காற்று வர மூன்று மணி ஆகிவிட்ட நாளில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் திண்ணை, முற்றம், உயர்ந்த கூரை, தடித்த சுவர் எல்லாம் வைத்து மின்விசிறி வருவதற்கு முன்பே இதற்கு வழி கண்டிருந்தார்கள். இப்போது நாம் கட்டும் பெட்டி வீட்டுக்கு ஏ.சி. இல்லாமல் முடியாது. ஏ.சி. கூடக் கூட மின் தேவை ஏறுகிறது. 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. வெயில் அதிகமான அன்றுதான் மின் கட்டமைப்பும் அதிகமாகத் திணறும். அன்று மின்தடை வந்தால் பாட்டி தாத்தாக்களுக்கு அது வெறும் அசௌகரியம் அல்ல, உயிர்ப் பிரச்சினை. வெள்ளைக் கூரையும் நிழல் மரமும் உள்ள வீடு, கரன்ட் இல்லாத மதியத்திலும் ஆளைக் காப்பாற்றும்.

சூரிய மின்சாரம் வைத்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடுமே என்று பலரும் கேட்கிறார்கள். கூரையில் சோலார் வைப்பது நல்லது, நானும் சொல்வேன். 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது, நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் கிடைக்கும். ஆனால் ஒரு விஷயத்தை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில், தெருவில் கரன்ட் போனால் உங்கள் சோலாரும் நின்றுவிடும். மேலே வெயில் கொளுத்தும், வீட்டில் ஃபேன் சுற்றாது. இது பழுதில்லை. உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் கம்பியில் ஏறினால், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஆபத்து, அதனால் தானாக நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். புயல் நாளுக்கு வேண்டும் என்றால் பேட்டரியும், தெருக் கம்பியிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டு தனியாக ஓடும் இன்வெர்ட்டரும் வேண்டும்.

எல்லா வீட்டிலும் அது முடியாது. ஆனால் தெருவுக்கு ஓர் இடத்தில் முடியும். கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டிக்கு ஒன்றரை யூனிட், பத்து எல்.இ.டி. விளக்கு ஐந்து மணி நேரம் எரிய அரை யூனிட், ஊரில் ஐம்பது பேரின் செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற முக்கால் யூனிட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓட முக்கால் யூனிட். எல்லாம் சேர்ந்து நாலு யூனிட்டைத் தாண்டவில்லை. 2017-இல் மரியா புயலில் பியூர்ட்டோ ரிக்கோ தீவு முழுக்க மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, மலையூர் ஒன்றில் மக்கள் நடத்திய சமூகக் கூடம் தன் சூரிய மின்சாரத்தில் எரிந்துகொண்டிருந்தது. மூச்சுக் கருவி ஓட்ட, போன் சார்ஜ் போட எல்லோரும் அங்கேதான் போனார்கள். நம் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையம் ஒவ்வொன்றிலும் இது இருந்தால், தானே புயல் நாட்களில் நாங்கள் பட்ட பாட்டில் பாதி இருக்காது.

மின்சாரம் என்றதும் நெய்வேலியைச் சொல்லாமல் கடலூர்க்காரர் யாரும் முடிக்க முடியாது. அங்கே பழுப்பு நிலக்கரி தோண்டி மின்சாரம் எடுக்க 1956-இல் தொடங்கிய நிறுவனம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது, தென் மாநிலங்களுக்கு விளக்கு ஏற்றியது, புதுச்சேரிக்கும் அங்கிருந்து மின்சாரம் போகிறது. பழுப்பு நிலக்கரி எரியும்போது வரும் கரியமில வாயு கடலைச் சூடாக்குவதில் தன் பங்கையும் சேர்க்கிறது. சூடான கடல்தான் புயலுக்குத் தீனி. சுரங்கம் தோண்ட நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கிய வலி தனி. வெப்பத்தைக் குறைக்கும் வேலை ஒன்று, வந்துவிட்ட வெப்பத்தைத் தாங்கும் வேலை இன்னொன்று. இந்த மாவட்டத்துக்கு இரண்டும் ஒரே வீட்டில் நடக்கும் பேச்சு. அனல் மின்சாரத்திலிருந்து சூரிய மின்சாரத்துக்கு மாறும்போது, அங்கே ஒப்பந்தக் கூலியாக இருப்பவர் எங்கே போவார் என்பதையும் இப்போதே பேசி வைக்க வேண்டும்.

ஆயா இப்போது இல்லை. அவர் மகன்தான் அந்த வீட்டில் இருக்கிறார், பைக்கைத் தெருவில்தான் நிறுத்துகிறார். ஒவ்வொரு வருடமும் புரட்டாசி கடைசியில், மழை தொடங்குவதற்கு முன், பம்பின் தலையைக் கழற்றித் தோல் வாஷர் மாற்றி, கைப்பிடி மூட்டுக்கு எண்ணெய் விடுகிறார். நாலு அடி அடித்துப் பார்ப்பார். முதலில் காற்றும் செந்நிறத் தண்ணீரும் வரும், பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பிறகு தெளியும். போன வருடம் வாஷருக்கு ஆன காசைத் தெருவில் எல்லோரும் சேர்ந்து கொடுத்தோம்.